முதுகெலும்பு வளைவும் சத்துப் பொடியும்

நம் சங்கத்தைச் சேர்ந்த தாயார் ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவருடைய மூத்த மகளுக்கு வயது 12. பாவாடை சட்டை தைப்பதற்கு அளவெடுத்த தையற்காரர், "குழந்தையின் வலத்தோள் உயர்ந்திருக்கிறதே, கவனித்தீர்களா அம்மா?" என்று கேட்டாராம். அதன் பின்னரே வீட்டார் உற்று நோக்கினர். டாக்டரிடம் அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்ததில், முதுகெலும்பு 27 டிகிரி அளவுக்குப் பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரிந்தது. உடனே பிரேஸ் அணிவிக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சீட்டு வாங்கி இருபது நாள் ஆகிறது. பிரேஸ் இன்னும் வாங்கவில்லை. பள்ளித் தோழியர் நகைப்பார்களே என்று பெண் அழுகிறாள். "எலும்புக்குச் சத்துப் போதவில்லை, சத்துக் கொடுத்தால் தானே நிமிர்ந்துவிடும்" என்கிறார் பாட்டி. அடுத்த வீட்டு அம்மையார் ஒரு டப்பாப் பொடியைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதில் சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, மக்னீசியம், துத்தநாகம் முதலான பலவும் அடங்கியிருப்பதாக மேற்சீட்டு கூறுகிறது. "மூன்று திங்கள் இப்பொடியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, குணம் தெரியாவிட்டால் பிரேஸ் அணிவிக்கலாமா?" என்பது அத்தாயாரின் கேள்வி.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். அம்மா, அந்த மூன்று திங்கள் காத்திருத்தல் கூடாது. சத்துணவு வேண்டும், குறைவிருந்தால் சத்து மாத்திரையும் வேண்டும். ஆனால் அவை பிரேஸுக்கு மாற்றாகா. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். இதே ஐயம் வேறு பல இல்லங்களிலும் இருக்கக்கூடும்.

நம் முதுகெலும்பைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இயல்பாகவே சில நெளிவுகள் உண்டு. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது அது நேராக இருக்க வேண்டும். அவ்வாறன்றி ஒரு பக்கமாக வளைந்து, உடன் சிறிது முறுக்கிக்கொண்டும் இருப்பதையே ஸ்கோலியோசிஸ் என்பர். எக்ஸ்ரே படத்தில் கோணத்தை அளக்கும் முறையை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் காப் என்பவர் வகுத்தளித்தார். இன்றும் அதுவே வழக்கில் இருக்கிறது. 10 டிகிரிக்கு மேற்பட்டால்தான் அதனை நோயாகக் கருதுவர். வளரும் பருவத்துப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் இவ்வளைவு உண்டு. அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். ஆனால் பெரிதாக வளரும் வளைவுகள் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடமே மிகுதி.

இதற்குக் காரணம் யாது? புத்தகப் பையின் சுமையன்று. கோணலாக உட்கார்ந்து படித்ததும் அன்று. தாய் ஊட்டிய உணவில் நேர்ந்த பிழையும் அன்று. பிறவியிலேயே எலும்பு அமைப்புக் கெட்டிருத்தல், தசை நரம்பு நோய்கள் முதலியவற்றால் வளைவதும் உண்டு. முற்காலத்தில் இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். 2014-இல் இந்தியா அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நலமாக ஓடியாடும் பிள்ளைகளிடம் 10 வயதுக்கு மேல் தோன்றும் வளைவுக்குத் திட்டமான காரணம் இன்றுவரை அறியப்படவில்லை. குடும்ப வழியாக வருவது உண்டு என்பது மட்டும் தெளிவு. ஆகவே, கடிதம் எழுதிய தாயார் தம் இளைய மகளையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது நன்று.

அப்படியாயின், சத்துக் குறைவினால் எலும்பு வளைகிறது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அது முற்றிலும் பொய்யான எண்ணமன்று. வேறொரு நோயைப் பற்றிய உண்மை. ரிக்கெட்ஸ் என்றொரு நோய் உண்டு. வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றின் குறைவால் குழந்தையின் எலும்பு மென்மையாகி, கால்கள் வில்லாக வளையும். சிலருக்கு முதுகும் வளையும். இங்கிலாந்தில் எட்வர்டு மெலன்பி என்பவர் 1919-இல் நாய்க்குட்டிகளைக் கொண்டு சோதித்து, மீனெண்ணெய் முதலிய கொழுப்புகளில் உள்ள ஏதோ ஒரு பொருளுக்கு அந்நோயைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்று காட்டினார். அப்பொருளே பின்னர் வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. மருத்துவ உலகின் பெருவெற்றிகளுள் அது ஒன்று. ஆனால் ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறப்பதில்லை. ரிக்கெட்ஸில் எலும்பே மென்மையாகிவிடுகிறது; வளர்பருவத்து வளைவிலோ, எலும்பு மென்மையாகாமலே தண்டு திரும்பி வளைகிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும்: முதுகு வளைந்த பிள்ளைகளுக்கும் எலும்புச் செறிவு குறைவாயிருப்பதாகக் கூறுகின்றார்களே? உண்மைதான். இத்தகைய சிறுமியருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு எலும்புச் செறிவு குறைந்திருப்பதை ஹாங்காங் ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வாறு குறைந்திருந்த சிறுமியரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. மற்ற இரு பிரிவுகளுக்கும் நாள்தோறும் 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், அதனுடன் 400 அல்லது 800 யூனிட் வைட்டமின் டியும் இரண்டாண்டுக் காலம் கொடுத்தனர். யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. சத்து உண்டவர்களின் எலும்பு வலிமை பெற்றது. தொடக்கத்திலேயே இச்சத்துகள் குறைவாயிருந்த சிறுமியரிடம் வளைவு மிகுவதும் ஓரளவு குறைந்ததற்கான குறிகள் தென்பட்டன. இதுவே சத்து மாத்திரைகளைப் பற்றி நம்பத்தக்க வகையில் சொல்லக்கூடியது: குறைவுள்ளவருக்கு அக்குறைவை நிறைவு செய்தல் நன்மை தரும். குறைவில்லாத பிள்ளைக்கு மேலும் மேலும் கொடுத்தால் வளைவு நிற்கும் என்பதற்கோ, பிரேஸ் வேண்டாம் என்பதற்கோ அதில் இடமில்லை.

விலங்குகளின் மேல் செய்த சோதனையைக் கொண்டு அவசரப்படுதலும் ஆகாது. மூளையிலுள்ள பீனியல் சுரப்பியைக் கோழிக்குஞ்சுகளிடமிருந்து அகற்றினால் அவற்றின் முதுகெலும்பு வளைகிறது என்று 1959-இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று கூறிற்று. அச்சுரப்பி தரும் மெலடோனின் குறைவதுதான் காரணமோ என்று பலர் ஆராய்ந்தனர். ஆனால் 2005-இல் வெளியான சோதனையில், இளங்குரங்குகளிடமிருந்து அதே சுரப்பியை அகற்றியும் ஒன்றுக்கேனும் முதுகு வளையவில்லை. கோழிக்குப் பொருந்தியது குரங்குக்கே பொருந்தவில்லையாயின், நம் குழந்தைக்குப் பொருந்தும் என்று எவ்வாறு துணிவது?

"ஆனால் இப்பொடியை உண்டு பலருக்கு வளைவு நின்றிருக்கிறதாமே!" என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரியதோர் ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. 20 முதல் 40 டிகிரி வரை வளைவும், இன்னும் வளர்ச்சி எஞ்சிய உடலும் உள்ள பிள்ளைகளை அதில் ஆராய்ந்தனர். வளர்ச்சி முடிவதற்குள் வளைவு 50 டிகிரியை எட்டாமல் காப்பதே நோக்கம். பிரேஸ் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் தப்பினர். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களிலும் நூற்றுக்கு 48 பேர் தப்பினர். இந்த 48 என்னும் எண்ணை உன்னிப்பாக நோக்குங்கள். ஒன்றும் செய்யாவிடினும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வளைவு அவ்வளவுக்கு வளருவதில்லை. அவர்கள் கையில் ஒரு பொடியைக் கொடுத்திருந்தால், புகழ் முழுவதும் அப்பொடிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையேயன்றி வேறில்லை. விழாத பனம்பழங்களைப் பற்றி எவரும் கடிதம் எழுதுவதில்லை.

அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டிற்று. பிரேஸை நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணி நேரமோ, அதற்கு மேலோ அணிந்திருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினர். வாங்கி அலமாரியில் வைத்த பிரேஸ் யாரையும் காப்பாற்றவில்லை. அணியும் நேரம் கூடக் கூடப் பயனும் கூடிற்று. எந்தப் பொடிக்கும் இத்தகைய சான்று இல்லை.

இனி, மூன்று திங்களை நான் ஏன் அவ்வளவு பெரிதாகக் கருதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். வளைவு மிகுவது உடல் வேகமாக வளரும் காலத்தில்தான். பெண்பிள்ளைகள் பூப்பெய்துவதற்குச் சற்று முன்னர் ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வரை உயர்கின்றனர். பூப்பெய்திய பின் வளர்ச்சி மெல்ல அடங்கி, ஏறத்தாழ இரண்டாண்டில் நின்றுவிடுகிறது. பிரேஸ் பயன்படுவதும் இந்தக் குறுகிய காலத்தில் மட்டுமே. வளர்ச்சி நின்ற பின் அணிந்து பயனில்லை. பருவத்தே பயிர் செய் என்று நம் பாட்டி சொன்னது இதற்கும் பொருந்தும். பணத்தை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். வளரும் பருவத்தில் இழந்த திங்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வளைவு 50 டிகிரியைக் கடந்துவிட்டாலோ, வளர்ச்சி முடிந்த பிறகும் அது சிறுகச் சிறுக மிகுவது உண்டு. அப்பொழுது டாக்டர்கள் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவர். மிக முற்றினால் மூச்சுக்கும் இடையூறு நேரும்.

ஆகவே சத்துணவை வேண்டாம் என்கிறேனா? ஒருபோதும் இல்லை. வளைவு இருப்பினும் இல்லாவிடினும் வளரும் பிள்ளைக்கு வலிய எலும்பு வேண்டும். இந்த வகையில் தமிழராகிய நாம் நெடுங்காலமாகவே பின்தங்கியவர்கள். நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் 1918-இல் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக் கூடமே பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1920-களில் அவர் இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். பாலும் கோதுமையும் கலந்த சீக்கியர் உணவை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. வெள்ளரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவையே கடைசியில் நின்றன. கன்னடத்தார் உணவு நம்முடையதைவிட மேலாகவே இருந்தது.

பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த நாம், இந்நாட்டார் உணவிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு, அது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. நம் முன்னோரும் கூழாகவும் களியாகவும் உண்டதுதானே இது? ஊரை விட்டு வந்த பின் நாம்தான் அதனை ஏழையுணவென்று ஒதுக்கினோம். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அதன் சத்து உடலில் இன்னும் நன்றாகச் சேரும்.

13 முதல் 15 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. 10 முதல் 12 வயதுக்கு 850. இதற்கு டப்பாப் பொடி வேண்டுவதில்லை. பாலும் தயிருமாக இரண்டு தம்ளர் உண்டால் 480 மில்லிகிராம் அளவு கிடைக்கும். 100 கிராம் மாவில் செய்த கேழ்வரகுத் தோசையோ களியோ 350 தரும். ஒரு பிடி முருங்கைக்கீரை 150 வரை தரும். இவற்றுடன் ஓர் எள்ளுருண்டையும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். பருப்பு, முட்டை, மீன் ஆகியவை தசைக்கு வேண்டிய புரதத்தைத் தரும்.

வைட்டமின் டியின் செய்தி வேறு. அது உணவில் மிகக் குறைவு. வெயில் தோலில் படுவதால் உடலிலேயே உண்டாவது. வெயிலுக்குக் குறைவில்லாத இந்நாட்டில், 10 முதல் 19 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு இச்சத்துக் குறைவு என்று 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு கண்டது. காலையில் பள்ளி வண்டி, பகலில் வகுப்பறை, மாலையில் தனிப்பாடம் என்று வாழும் நகரத்துப் பிள்ளைக்கு வெயில் எங்கே கிடைக்கும்? எனவே டாக்டர் விரும்பினால் இரத்தத்தைச் சோதித்து, குறைவிருப்பின் அவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

ஆனால் அளவு முக்கியம். கடைகளில் 60,000 யூனிட் கொண்ட சிறு பொட்டலங்கள் விற்கின்றன. அவை வாரம் ஒருமுறை, அதுவும் சில வாரங்கள் மட்டும், டாக்டர் சொற்படி உண்ண வேண்டியவை. தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி, வாந்தி, அடங்காத் தாகம், மலச்சிக்கல் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் கெடும். ஒரே சத்து பொடியிலும் மாத்திரையிலும் டானிக்கிலும் சேர்ந்திருக்கலாம். மூன்றையும் கொடுத்தால் அறியாமலே அளவு மிஞ்சும். ஆகவே வீட்டில் கொடுப்பவை அனைத்தையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த வீட்டு அம்மையார் அன்புடன் தந்த அந்த டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இத்தகைய சத்துப் பொருள்களின் மேல் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று' என்று அச்சிட வேண்டும் என நம் நாட்டு உணவுச் சட்ட விதிகள் கூறுகின்றன. விற்பவரே மருந்தன்று என்று ஒப்புக்கொள்ளும் ஒன்றை நாம் மருந்தாக நம்பலாமா?

நம் இல்லத்தார்க்குத் தனியாகச் சில சொற்கள். கன்னடமோ ஆங்கிலமோ சரிவர வாராமையால், மருத்துவமனையில் டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு வரும் தாய்மார் நம்மில் பலர். மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்லுங்கள். வளைவு எத்தனை டிகிரி? வளர்ச்சி இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணிய வேண்டும்? அடுத்து எப்போது வர வேண்டும்? தனியார் மருத்துவமனைக்குப் பொருள் வசதி இல்லாதவர்கள், ஜயநகரிலுள்ள சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிலையத்தையோ, விக்டோரியா, பவுரிங் முதலிய அரசு மருத்துவமனைகளின் எலும்புப் பிரிவையோ நாடலாம். எக்ஸ்ரே படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய படம் இல்லாவிட்டால் வளைவு வளர்ந்ததா நின்றதா என்று எவராலும் சொல்ல முடியாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பிரேஸைப் பெங்களூரிலேயே விட்டுச் செல்லாதீர்கள். பாட்டி வீட்டில் இரண்டு திங்கள் கழித்தாலும் உடல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பிள்ளைக்குக் கடுமையான வலி, இரவில் உறக்கம் கெடும் நோவு, காய்ச்சல், கால்களில் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அது காசநோய் முதலிய வேறு நோயாக இருக்கக்கூடும். அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே டாக்டரிடம் காட்டுக.

மற்ற இல்லத்தார் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. 1865-இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கூறியது அது. பிள்ளையை இரு கால்களையும் சேர்த்து நிற்கச் செய்து, கைகளைக் கூப்பியவாறு இடுப்பளவு முன்னே குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட மேடாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 10 முதல் 14 வயது வரை ஆறு திங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இறுதியாக, அழுதுகொண்டிருக்கும் அந்தக் குழந்தைக்கு ஒரு சொல். அம்மா, உன்மேல் குற்றம் ஒன்றுமில்லை. பிரேஸ் சட்டைக்குள்ளே மறைந்திருக்கும். உள்ளே ஒரு பருத்திப் பனியன் அணிந்துகொண்டால் உறுத்தாது. டாக்டர் அனுமதிக்கும் நேரத்தில் கழற்றிவிட்டு ஓடலாம், ஆடலாம். 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த உசேன் போல்ட்டுக்கும் இதே முதுகெலும்பு வளைவு உண்டு. இது ஓரிரண்டு ஆண்டுக் கட்டுப்பாடே. அதன் பயனோ வாழ்நாள் முழுவதும் உனக்கு.

தாயாரே, பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நாளையே புறப்படுங்கள். பாட்டியாரிடம் கேழ்வரகுக் களி கிண்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். அவர் கையால் உண்ணும் களியும் பேத்திக்கு நலமே செய்யும். பிரேஸோடு சேர்த்து உண்ணட்டும்.